ஒருத்திக்கான சமையல்

கலையரசிக்கு எண்பத்தாறு பேருக்குச் சமைக்கத் தெரியும். பள்ளியில் விழா என்று பெற்றவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டால் நூற்றைம்பது பேருக்கும் சமைத்திருக்கிறாள். மீன்சுருட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகச் சத்துணவு சமைப்பவள். சாக்கில் கிடக்கும் அரிசியைப் பார்த்தே இத்தனை கிலோ என்பாள். உப்பை அளந்து போட்டதில்லை. குண்டாவை ஒரு பார்வை பார்ப்பாள், கை தானாக அள்ளும், தானாக நின்றுவிடும். அவளுக்குத் தெரியாதது ஒரே ஒரு ஆளுக்குச் சமைப்பது. அந்த ஒரு ஆள் அவளேதான்.

தெரிந்துகொள்ளும் அவசியம் வந்ததில்லை. கணவன் அய்யம்பெருமாள் இருந்தவரை அவனுக்குப் புளிப்பு தூக்கலாக வேண்டும், அப்படியே சமைத்தாள். அவன் காமாலையில் போய் எட்டு வருஷம் ஆயிற்று. மகன் அறிவரசனுக்குப் பாகற்காய் ஆகாது, அதனால் அந்த வீட்டுக்குள் பாகற்காய் வந்ததே இல்லை. அவனும் வெல்டிங் வேலைக்குச் சிங்கப்பூர் போய் மூன்று வருஷம். அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிவதே அரிதாகிப் போனது. மதியம் பிள்ளைகள் எழுந்து கைகழுவிய பிறகு பள்ளியிலேயே நாலு வாய் சாப்பிடுவாள். ராத்திரிக்கு ஒரு டீ, ஒரு பன். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதும் இல்லை. எண்பத்தாறு தட்டு நிறைவதைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குத் தன் தட்டு ஞாபகம் வருவதில்லை.

அந்த வேலையிலும் முதல் வருஷம் சுலபமாக இருக்கவில்லை. ஊர்த்தெருப் பிள்ளைகள் ஏழு பேர் தட்டே எடுத்து வரமாட்டார்கள். காலனிப் பொம்பளை ஆக்கியதைச் சாப்பிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கலையரசி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அந்த ஏழு பேருக்கும் சேர்த்தே தினமும் உலை வைத்தாள். இரண்டாம் வருஷம் தக்காளி சாதத்து வாசனைக்கு ஒரு பையன் வந்தான், பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். இப்போது அந்தப் பையனின் மகளே அவளிடம் சாப்பிடுகிறாள். "ஆயாம்மா, இன்னொரு முட்டை" என்று கேட்கிறவள் அவள்தான்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். பதினைந்து நாள் என்றார்கள். கலையரசி குண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடத்தைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து குளித்தாள், தலை வாரினாள். பிறகு போக இடம் இல்லை என்பது ஞாபகம் வந்து, வாரிய தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்து நாள் ஒரு மாதம் ஆயிற்று. முதலில் மூன்று நாளைக்கு ஒரு முறை சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. பசித்தால் கொஞ்சம் பழையது, ஊறுகாய். பசிக்காவிட்டால் அதுவும் இல்லை. பக்கத்துத் தொகுப்பு வீட்டில் இருந்த ஜெயசித்ரா, கைக்குழந்தைக்காரி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன பெரியம்மா, ஜாக்கெட்டு தோள்ல நிக்க மாட்டேங்குது" என்றாள். "வெயிலுடி" என்றாள் கலையரசி.

ஏப்ரலில் அறிவரசன் தங்கியிருந்த விடுதியை வெளியே போக முடியாமல் அடைத்துவிட்டார்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில்கள், ஒரு ஜன்னல். வேலை கிடையாது. வேளாவேளைக்கு வாசலுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வரும். இங்கே மதியம் ஒரு மணி ஆகும்போது அவன் தினமும் போன் செய்வான்.

"சாப்பாடெல்லாம் கரெக்டா வருதும்மா. நாக்குதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றான் ஒரு நாள். "நீ சாப்ட்டியா?"

"ஆச்சு சாமி."

"என்ன கொழம்பு?"

கலையரசி எதிரே பார்த்தாள். மூடாத சட்டியில் நேற்றைக்கு முந்தின நாள் சோறு. பையன் அங்கே அடைபட்டுக் கிடக்கிறான், அவனிடம் போய் இதைச் சொல்வதா.

"முருங்கக்கா சாம்பாரு" என்றாள். "வாழக்கா வறுவல்."

"முருங்கக்கா பிஞ்சா, முத்தலாம்மா?"

"பிஞ்சு. நம்ம கொல்லையில காச்சதுதான்."

"எப்டி வெச்ச? மொதல்லேருந்து சொல்லேன்."

அவள் சொன்னாள். பருப்பு வேகும்போது மஞ்சளோடு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டது, சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுசாகப் போட்டது, கடைசியில் தாளித்துக் கொட்டியதும் சுருசுருவென்று பொங்கியது. நடக்காத சமையலை நடந்த மாதிரியே சொன்னாள். மகன் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டான். போனை வைக்கும்போது, "வயிறு ரொம்பிடுச்சும்மா" என்றான்.

அடுத்த நாளும் கேட்டான். வத்தக்குழம்பு என்றாள். அதற்கடுத்த நாள் கீரை மசியல். நாலாம் நாள், "ஸ்பீக்கர்ல போடறேம்மா, ரூம்ல எல்லாரும் கேக்கணுங்கறாங்க" என்றான். தமிழ் தெரியாத வங்காளத்துப் பையன்கள் இருவர்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். கலையரசிக்கு ஒரு பக்கம் சிரிப்பாக இருந்தது. எட்டு நாள் இப்படிப் போயிற்று. எட்டு நாளும் அவள் சாப்பிட்டது பழையதுதான்.

ஒன்பதாம் நாள் கருவாட்டுக் குழம்பு என்றாள். உடனே வேறொரு குரல், பணிவான குரல், குறுக்கே வந்தது.

"அம்மா, நான் முருகையன் பேசறேன். திருமழபாடி. கருவாட்டுக்குக் கத்திரிக்கா போட்டீங்களா, மாங்கா போட்டீங்களா?"

அவளுக்கு எதைச் சொன்னாலும் ஒன்றுதான், ஆனாலும் வாய் வரவில்லை. "மாங்கா" என்றாள் கடைசியில்.

"ரெண்டும் போட்டா இன்னும் நல்லாருக்கும்மா. எங்கம்மா அப்டிதான் வெக்கும்" என்றான் முருகையன்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். காஸ் அடுப்பின் மேல் தூசி படிந்திருந்தது, விரலால் தேய்த்தால் கோடு விழுந்தது. பள்ளியில் ஒரு பிள்ளை தட்டில் கொஞ்சம் குறைந்தாலும் பொறுக்காதவள் அவள். இங்கே பசித்த பன்னிரண்டு பேரை உட்கார வைத்து ஒன்பது நாளாக வெறும் பேச்சைப் பரிமாறியிருக்கிறாள். யாரும் பார்க்காத அந்த அறையில் அவளுக்கு முகம் சுட்டது.

மறுநாள் முகக்கவசம் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். கருவாடு, கால் கிலோ கத்திரிக்காய், ஒரு மாங்காய் வாங்கி வந்து அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்தாள். அப்போதுதான் கை அவளை ஏமாற்றியது. கால் படி அரிசி போதும் என்று மனசுக்குத் தெரிகிறது, கை இரண்டு படி அள்ளிவிட்டது. திரும்பக் கொட்டினாள், மறுபடி அள்ளினாள், அதுவும் கூட. புளி அதிகமாகி, அதைச் சரிக்கட்டத் தண்ணீர் விட்டு, தண்ணீருக்கு உப்புப் போட்டு, கடைசியில் குழம்பு சட்டி விளிம்பு வரை வந்து நின்றது. வாயில் வைத்தால் உப்பு. பத்தொன்பது வருஷம் சமைத்தவள் ஆக்கிய குழம்பை அவளாலேயே சாப்பிட முடியவில்லை. ஜெயசித்ராவுக்குக் கொடுக்கவும் கூச்சம். தண்ணீரை இறுத்துவிட்டு கருவாட்டுத் துண்டுகளை மட்டும் தின்றாள்.

ஒரு மணிக்குப் போன் வந்தது. "என்னம்மா இன்னிக்கு?"

"கருவாட்டுக் கொழம்பேதான். கத்திரிக்கா, மாங்கா ரெண்டும் போட்டேன், அந்தத் தம்பி சொன்னாப்ல. உப்பு கரிச்சுப் போச்சு."

அறை முழுக்கச் சிரிப்பு கேட்டது. அத்தனை நாளில் அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னவற்றில் உண்மையும் அதுதான் முதலாவது. முந்தின ஒன்பது நாளைப் பற்றி மகனிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை.

டம்ளரால் அளக்கக் கற்றுக்கொண்டாள். அரை டம்ளர் அரிசி, ஒரு கைக்குள் அடங்கும் பருப்பு, நெல்லிக்காயில் பாதிப் புளி. மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பிய ஒருவருக்கு நோய் என்று தெருவின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி அடைத்தார்கள். காய் வண்டி மூங்கிலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், என்ன இருக்கிறதோ அதைப் பையில் போட்டு நீட்டுவார்கள். ஒரு நாள் பை நிறையப் பாகற்காய் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவளுக்குப் பாகற்காய் பிடிக்குமா, பிடிக்காதா? யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் தன் நாக்குக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இல்லை.

அன்று பாகற்காயை வட்டமாக நறுக்கி, உப்பு பிசறி வைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று வதக்கினாள். சுடுசோற்றில் ரசம் ஊற்றித் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கசந்தது. அந்தக் கசப்புக்குப் பின்னால் நாக்கில் ஒரு தெளிச்சல் வந்தது. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கை காயும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு சத்தமில்லை, மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தனியாக இருக்கிறோம் என்பது அப்போதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வயிறு சூடாக இருந்தது. தூக்கம் வந்தது. ஒன்றரை மாதத்தில் நல்ல தூக்கம் அதுதான்.

பிறகு சமைப்பதே அவளுடைய நாளின் வேலையாயிற்று. காலையிலேயே இன்றைக்கு என்ன என்று யோசிப்பாள். பிரண்டையை நார் எடுத்துத் துவையல் அரைப்பாள். முருங்கைக்கீரையை உருவி உட்கார்ந்து ஆய்வாள், ஒரு மணி நேரம் போய்விடும். மிளகாயைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டிப் போட்டாள். பள்ளிச் சமையலில் காரம் கூடாது, அவளுக்கோ காரம் பிடித்திருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஒரு மணிக்குப் போன் வரவில்லை. நாலு மணிக்கு வந்தது. அறிவரசன் மெதுவாகப் பேசினான்.

"முருகையனோட அம்மா செத்துட்டாங்கம்மா. சக்கரை. காலையில."

"அந்தத் தம்பி?"

"எப்டிம்மா போவான்? பிளேன் இல்ல, ரூம விட்டே வெளிய போவ முடியாது. வீடியோல காட்டுனாங்க. கொள்ளிடக் கரையில எடுத்துட்டுப் போறதப் பாத்தான். அவங்கப்பாதான் கொள்ளி வெச்சாரு. சிக்னல் கட்டாயிடுச்சு."

கலையரசி முகம் பார்த்திராத ஒருத்தி. கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்துப் போடுகிறவள் என்பது மட்டும் தெரியும். அன்று ராத்திரி அவள் உலை வைக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் முருகையன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறான், பெட்டியைத் திறப்பதே இல்லை என்று மகன் சொன்னான். ஸ்பீக்கர் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். பதினோராம் நாள் அவனே பேசினான். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவன் அன்று அத்தை என்றான். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"அத்தை, எங்கூட்ல தட்டப்பயிறு கொழம்பு ஒண்ணு வெப்பாங்க. அத வெப்பீங்களா? வீடியோவுல நான் பாத்துக்கறேன். வேற ஒண்ணுமில்ல."

"வெக்கறேன் தம்பி. எப்டி வெப்பாங்கன்னு நீ சொல்லு, அதுமாதிரியே வெக்கறேன்."

மறுநாள் காலையிலேயே போனை டப்பாக்கள் நடுவே சாய்த்து வைத்தாள். சின்னத் திரையில் அவன் முகம் தெரிந்தது. தாடி மண்டி, கண் உள்ளே போயிருந்தது. இருபத்தைந்து வயசுதான் இருக்கும். பின்னால் மற்றவர்கள் கட்டில் விளிம்புகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பயிற வறுக்கணும் அத்தை. இன்னும். வாசன வருதா?"

"வருது."

"அம்மில ஒண்ணு ரெண்டா ஓடச்சிக்குவாங்க. முழுசா போட மாட்டாங்க."

அவளிடம் அம்மி இல்லை. சப்பாத்திக்கட்டையால் நசுக்கினாள். கத்திரிக்காயை நாலாகப் பிளந்து காம்போடு போடச் சொன்னான். பூண்டைத் தோலோடு தட்டிப் போடச் சொன்னான். குழம்பு கொதித்து ஓரத்தில் எண்ணெய் பிரிந்தபோது, "நிறுத்தாதீங்க, ஒரு கட்டி வெல்லம் போடுவாங்க" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "எவ்ளோன்னு தெரியல அத்தை. நான் பாத்ததில்ல. தின்னதோட சரி" என்றான்.

கலையரசி சுண்டைக்காய் அளவு வெல்லம் கிள்ளிக் காட்டினாள். "இவ்ளோ போடட்டுமா? இதுக்கு மேல போட்டா இனிச்சிடும்."

"போடுங்க."

அடுப்பை அணைத்தாள். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நீங்க சாப்புடுங்க அத்தை" என்றான். "நான் பாக்கறேன்."

கலையரசி யார் பார்க்கவும் உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை. கல்யாணமான புதிதில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்படி மூலையில் சாப்பிட்டாள், பள்ளியில் பிள்ளைகள் போன பிறகு சாப்பிட்டாள். இப்போது போனைத் தரையில் செம்பில் சாய்த்து வைத்து, தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து முதல் வாய் எடுத்தாள். பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.

"எப்டி இருக்கு?" என்று கேட்டான் முருகையன்.

அவசரப்படாமல் மென்றாள். "ஒறைக்குது. அப்புறமா இனிக்குது. ரொம்ப லேசா. பயிறு பல்லுல அம்படுது."

"ஆமா" என்றான் அவன். "ஆமா அத்தை, அதான்."

அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டை வழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரை இருண்டது. அன்று மாலை அவன் எழுந்து குளித்ததாகவும், வந்த பெட்டியைப் பிரித்துப் பாதி சாப்பிட்டதாகவும் அறிவரசன் சொன்னான்.

ஆகஸ்டில் விடுதியைத் திறந்தார்கள். வேலைக்கு விட்டார்கள். நின்றிருந்த வேலையெல்லாம் சேர்ந்து தலைக்குமேல் வந்தது போல. தினமும் வந்த போன் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆயிற்று, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாயிற்று. "பஸ்ல போயிட்டிருக்கேம்மா, அப்புறமா பேசறேன்" என்பான். என்ன குழம்பு என்று கேட்க மறந்துவிடுவான். பையன் வெளிக்காற்றைச் சுவாசிக்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மதியம் ஒரு மணி ஆனால் காது போன் பக்கமே போனது. ஊரடங்கின் நடுவில் இருந்ததைவிட அந்த இரண்டு மாதம்தான் அவளுக்கு அதிகத் தனிமையாக இருந்தது. அந்த நாட்களிலும் அடுப்பு மூட்டினாள். சில நாள் கண்ணீரோடுதான் மூட்டினாள், ஆனாலும் மூட்டினாள்.

செப்டம்பரில் பஸ் விட்டதும் முருகையன் ஒரு நாள் கூப்பிட்டான். அப்பா தனியாக இருக்கிறார், கடையில் பரோட்டா வாங்கித் தின்கிறார் என்று சொன்னான். போய்ப் பாருங்கள் என்று கேட்கவில்லை. அவளாகத்தான் அடுத்த வாரம் அதிகாலையில் தட்டைப்பயறு வறுத்தாள். டிபன் கேரியரில் ஒரு அடுக்கு சோறு, ஒரு அடுக்கு குழம்பு. ஜெயங்கொண்டம் போய், அரியலூர் போய், அங்கிருந்து திருமழபாடி பஸ் பிடித்தாள். வழியெல்லாம் மடியில் கேரியர் சுட்டுக்கொண்டே வந்தது. அந்தப் பெரியவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு என்பார். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவது, பிறகு அவர் சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர் பாடு என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

முருகையனின் அப்பா ராசாங்கம், கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "பஸ்ல எடம் கெடச்சுதாம்மா?" என்று மட்டும் கேட்டார். தட்டு எடுத்து வந்து கீழே உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய் வைத்தார். கலையரசி நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவ கொழம்பு இல்ல" என்றார்.

"தெரியுங்க. உங்க பையன் சொல்லித்தான் வெச்சேன். அதுவும் அரகொறையா."

"அவ கொழம்பு இல்ல" என்றார் மறுபடியும். "ஆனா நல்லாருக்கு. உக்காருங்க, நீங்களும் சாப்புடுங்க."

அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். குழம்பு தீர்ந்தது. அவர் கேரியரைத் தானே கழுவி, துடைத்து, மூடிக் கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரை வந்தார். மறுபடி வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. அவள் அதற்குப் பிறகு போகவும் இல்லை. மூன்று பஸ் மாறிப் போகிற தூரம். முருகையனின் தங்கை அடுத்த தையில் அப்பாவைத் தன்னோடு பெரம்பலூருக்கு அழைத்துப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

திருமழபாடி போய் வந்த பிறகும் பள்ளி திறக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. திறந்த அன்று அறுபத்தொன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள். அறிவரசன் வேலையை இரண்டு வருஷம் நீட்டித்துக்கொண்டான், நடுவே இருபது நாள் வந்து போனான். வந்தவன் இரண்டு நாள் தூங்கினான், பிறகு கூட்டாளிகளோடு சுற்றினான். பாகற்காய் வறுவலைப் பார்த்துவிட்டு, "இது எப்பலேருந்தும்மா?" என்றான். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, முகம் சுளித்து, தண்ணீர் குடித்தான். அவனுக்கு உருளைக்கிழங்கு தனியாக வதக்கினாள்.

இப்போதும் பள்ளி விட்டு நாலு மணிக்கு வந்தால் கலையரசி கை கால் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறாள். போன வாரம் ஜெயசித்ரா வேலியோரம் துணி எடுக்க வந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

"யாரு வந்துருக்கா பெரியம்மா? இப்டி மணக்குது."

"யாரும் வரல."

"அப்ப யாருக்கு இதெல்லாம்?"

"எனக்குத்தான்டி."

ஜெயசித்ரா சிரித்தாள், துணிகளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். கலையரசி கறிவேப்பிலைக் கிளையை வளைத்து ஒரு கொத்து ஒடித்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது. எண்ணெய் காய்ந்துவிடுமே என்று வேகமாக வீட்டுக்குள் நடந்தாள்.